நிறுத்தத்தில் நிற்கும் நேரத்தை யார் கணக்கில் எடுப்பது?

ஆசிரியருக்கு வணக்கம்.

நெரிசல் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரை, கார் வைத்திருப்பவர்களின் சொகுசு மோகத்தின் மேல் முழுப் பழியையும் போட்டிருந்தது. பேருந்தை இலவசமாக்கிவிட்டால் எல்லோரும் ஏறிவிடுவார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை.

எஸ்டோனியத் தலைநகர் தாலினில் 2013 முதல் நகரவாசிகளுக்குப் பேருந்தும் டிராமும் இலவசம். புதிதாக ஏறியவர்களில் கணிசமானோர் அதுவரை நடந்து போய்க்கொண்டிருந்தவர்கள். கார்க்காரர்கள் பெரும்பாலும் காரிலேயே போனார்கள். லக்சம்பர்க் 2020இல் நாடு முழுக்கவே டிக்கெட்டை ஒழித்துவிட்டது. அங்கும் சாலைகள் காலியாகிவிடவில்லை.

டிக்கெட் காசைவிடப் பெரிய தடை காத்திருப்புதான். அரை மணிக்கு ஒரு பேருந்து என்றால், நேரம் பார்க்காமல் வருபவர் சராசரியாகக் கால் மணி நேரம் நிற்க வேண்டும். நிறுத்தத்தில் நிற்கும் ஒரு நிமிடத்தை வண்டிக்குள் உட்காரும் சுமார் இரண்டு நிமிடத்துக்குச் சமமாக வைப்பது போக்குவரத்துத் திட்டமிடுபவர்களின் வழக்கம். தூங்கிவிட்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, மறுகையில் பையோடு, விளக்கில்லாத நிறுத்தத்தில் தூரத்து வெளிச்சம் ஒவ்வொன்றையும் எட்டி எட்டிப் பார்க்கும் தாய்க்கு அந்த இரண்டு மடங்குகூடக் குறைவுதான். வழியில் வண்டி மாற வேண்டுமென்றால் அதே தவிப்பு இன்னொரு முறை. அவர் கடன்பட்டு ஒரு கார் வாங்கினால் அதைச் சொகுசு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வாங்கியபின் கணக்கே மாறிவிடுகிறது. தவணை, காப்பீடு, வருடா வருடம் குறையும் வண்டியின் மதிப்பு எதுவும் காலையில் சாவியை எடுக்கும்போது நினைவுக்கு வராது. எரிபொருள் செலவு மட்டும்தான் தெரியும். பேருந்துக்கோ டிக்கெட்டும் காத்திருப்பும் அங்கேயே, அப்போதே கொடுத்தாக வேண்டும்.

சரி, பேருந்துகளைக் கூட்டினால் மட்டும் போதுமா? ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் 2005 ஆகஸ்டில் கூடுதல் பேருந்துகள் விட்டபோது கார்கள் குறைந்ததாகவே தெரியவில்லை. 2006 ஜனவரியில் நகர மையத்துக்குள் நுழையும், அங்கிருந்து வெளியேறும் கார்களுக்குக் கட்டணம் வைத்ததும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. காரை எடுக்கும் ஒவ்வொரு முறையும் அதன் விலை கண்ணில் பட ஆரம்பித்தது. ஆனால் கட்டணத்துக்கு முன்பே அங்கே பேருந்துகள் வந்துவிட்டன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாற்று வழி இல்லாத இடத்தில் கட்டணம் போட்டால், இரவு வேலை முடிந்து வீடு திரும்பும் தொழிலாளிதான் முதலில் அடிபடுவார்.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். எத்தனை புதுப் பேருந்துகள் வாங்கப்பட்டன என்ற செய்தியோடு நிறுத்திவிடாதீர்கள். இரவு எட்டு மணிக்கு மேல் ஒவ்வொரு தடத்திலும் எத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி ஓடுகிறது, அவற்றில் எத்தனை சொன்ன நேரத்துக்கு வருகின்றன என்று போக்குவரத்து நிர்வாகத்திடம் கேட்டு, தடவாரியாக வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி