கேட்டது அம்மாவை, சான்றிதழ் எனக்கு

மாற்றுத்திறனாளிகள் நலத்துறை அதிகாரிகளுக்கும், ஆட்டிசம் பற்றி ஆய்வு செய்பவர்களுக்கும்,

வணக்கம். எனக்கு வயது 33. ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் கணக்கு வேலை. ஆட்டிசம் என்று தெரியவந்ததே முப்பதைத் தாண்டிய பிறகுதான். அரசுத் தாள்களில் எங்களுக்குப் பெயர் 'புற உலகச் சிந்தனையற்ற மதியிறுக்கமுடையோர்'. அந்தப் பெயரை வைக்கும்போது எங்களில் ஒருவரைக் கேட்டிருந்தால் சிரித்திருப்போம். புற உலகம் எங்களை விட்டால்தானே! எதிரில் இருப்பவர் பேசுவதைவிட, அவர் தலைக்கு மேல் எரியும் ட்யூப்லைட்டின் ரீங்காரம்தான் எனக்குப் பெரிதாகக் கேட்கும்.

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்குப் போன கதையும் இப்படித்தான். ஆட்டிசத்தை மதிப்பிடும் இந்திய அளவுகோலான ஐ.எஸ்.ஏ.ஏ. படிவத்தில் 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கண்ணைப் பார்க்கிறாரா, முகம் பார்த்துச் சிரிக்கிறாரா, தனியாகவே விளையாடுகிறாரா என்று போகும். "தனியாத்தான் விளையாடுவாராம்மா?" என்று அம்மாவிடம் கேட்டார்கள். "ஜிஎஸ்டி கணக்கு முடிக்கவே நேரம் பத்தலை, எங்க சார் விளையாடுறது" என்றார் அம்மா. நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். அலுவலக இரைச்சலை எப்படித் தாங்குகிறாய், வாடகைக்கு வீடு எடுத்துத் தனியாக இருப்பாயா, அம்மாவுக்குப் பிறகு என்ன செய்வாய்? எனக்குத் தூக்கம் வராத கேள்விகள் இவை. படிவத்தில் இவற்றுக்கு இடமில்லை.

ஆய்வுக்கான கேள்விகளும் எங்களைக் கேட்காமலே முடிவாகின்றன. பிரிட்டனில் ஆட்டிச ஆய்வுப் பணத்தில் பாதிக்கு மேல் உயிரியலுக்கும் மூளைக்குமே போகிறது என்று 2014-இல் ஒரு கணக்கெடுப்பு காட்டியது. அதன்பின் ஆட்டிசம் உள்ள பெரியவர்கள், குடும்பத்தார், மருத்துவர்கள் எல்லாரையும் கேட்டு 2016-இல் ஆய்வுக்கான பத்து முன்னுரிமைகளை வெளியிட்டார்கள். முதலிடம் மனநலத்துக்கு. பெரியவர்களுக்கான நோயறிதலும் வேலைவாய்ப்பும்கூட அந்தப் பத்துக்குள் வந்தன. கேட்காமல் தொடங்கினால் என்ன ஆகும் என்பதையும் அதே நாட்டில் பார்த்தோம். பத்தாயிரம் பேரின் டிஎன்ஏ திரட்ட கேம்பிரிட்ஜில் 2021 ஆகஸ்டில் அறிவித்த 'ஸ்பெக்ட்ரம் 10கே' திட்டம், ஆட்டிசம் உள்ளவர்களே எதிர்த்ததால் அடுத்த மாதமே நிறுத்திவைக்கப்பட்டது.

எங்களைக் கலந்து பேசுவது உங்கள் தயவும் அல்ல. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக இந்தியா 2007-இல் ஏற்ற ஐ.நா. உடன்படிக்கையின் 4(3)ஆம் பிரிவு அதைக் கடமையாக்குகிறது. உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்க 2025-இல் சட்டம் திருத்தியதும் நம் தமிழ்நாடுதான். அந்த இடங்களில் எங்களைப் போன்றவர்களும் உட்காருவார்களா என்பதுதான் என் சந்தேகம்.

ஏனென்றால், ஒரு கலந்தாய்வுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். நிகழ்ச்சி நிரல் வாசலில்தான் கைக்கு வந்தது. என் முறை வந்தபோது மைக் கீச்சிட்டது. காதைப் பொத்திக்கொண்டேன். கையை எடுப்பதற்குள் மைக் அடுத்தவரிடம் போய்விட்டது. பிறகு வந்த அறிக்கையில் 'பயனாளிகளின் கருத்தும் கேட்கப்பட்டது' என்று ஒரு வரி.

பெற்றோர் பேச வேண்டாம் என்று சொல்லவில்லை. என் அம்மா இல்லாவிட்டால் அந்தச் சான்றிதழே வந்திருக்காது. ஆனால் பேச்சு வராதவர்கள்கூடத் தட்டச்சு செய்தோ, படத்தைத் தொட்டோ வேண்டும், வேண்டாம் என்று சொல்கிறார்கள். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த குழு அமைக்கும்போது ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் இரண்டு மூன்று பேரையாவது சேருங்கள். ஒருவரை மட்டும் சேர்த்தால் அவர் காட்சிப் பொருளாகிவிடுவார். ஆய்வுக்குப் பணம் ஒதுக்கிய பிறகு கூப்பிடாதீர்கள், கேள்வியை எழுதும்போதே கூப்பிடுங்கள். மற்ற நிபுணர்களுக்குத் தரும் படியையும் பயணச் செலவையும் எங்களுக்கும் தாருங்கள். கூட்டத்தில் எதைப் பற்றிப் பேசப்போகிறீர்கள் என்பதைப் பத்து நாள் முன்பே அனுப்புங்கள், பதிலை எழுதியும் தரலாம் என்று சொல்லுங்கள்.

கூட்டம் பகலில் என்றால் ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்துவையுங்கள். மின்விசிறி ஓடட்டும், அது எனக்குப் பழகிவிட்டது.

இப்படிக்கு,
பக்கத்து நாற்காலியில் இருந்தவன்