மன்றச் செயலாளரின் ஆண்டறிக்கை – 2025

அவைத்தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். வராதவர்களுக்கு இவ்வறிக்கை வாட்ஸ்அப்பில் வரும். யார் திறந்து பார்த்தார்கள் என்பது எனக்குத் தெரியும்.

பொங்கல் விளையாட்டுகள், இரண்டு கொடியேற்றங்கள், கண் சிகிச்சை முகாம் ஆகியவை வழக்கம்போல் நடந்தேறின. கைப்பந்தில் நம் அணி காலிறுதியோடு திரும்பியது. வாசிப்பறைக்கு நாளிதழ் தடையின்றி வருகிறது. மதியத்துக்குள் அதன் நடுப்பக்கம் காணாமல் போவதும் தடையின்றி நடக்கிறது.

ஏப்ரல் 6, ஞாயிற்றுக்கிழமை கூட்டிய செயற்குழுவுக்கு நானும் காவலாளியும் மட்டுமே வந்தோம். அன்று பாம்பன் புதுப் பாலத் திறப்பு விழா என்றார்கள். நியாயம்தான். அடுத்து நடந்த இரண்டு கூட்டங்களன்று எந்தப் பாலமும் திறக்கவில்லை.

ஆகஸ்டு மாதம் நம் முன்னாள் பொருளாளர், கீழக்கரை வட்டாரமே ‘கோல்ஃப் காக்கா’ (கோல்ஃப் அண்ணன்) என்று அழைத்த பெரியவர், மௌத்தானார். இரங்கல் தீர்மானம் தனியே பதிவாகியிருக்கிறது. அதில் எழுத இடமில்லாத சிலவற்றை இங்கே சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் சபர், அதாவது வெளிநாட்டுப் பிழைப்புக்கு, போனவர். துபாயில் ஒரு கம்பெனியில் டிரைவர். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் இங்கிலாந்துக்கார இன்ஜினியர் ஒருவரை கோல்ஃப் ஆடக் கூட்டிப் போவார். பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடப்பார். அப்போது அங்கே புல் ஏது? முழுக்கப் புல் விரித்த மைதானம் துபாய்க்கு 1988இல்தான் வந்தது. அதற்கு முன்பு ஆட்டமெல்லாம் பாலை மணலில்தான். ஆடுபவர் ஒரு துண்டுப் பச்சை விரிப்பைக் கையோடு கொண்டுபோய், பந்து விழுந்த இடத்தில் அதைப் போட்டு, பந்தை மேலே வைத்து அடிப்பார். குழியைச் சுற்றி, எண்ணெய் கலந்து இறுக்கிய பழுப்பு மணல். ஒரு கோஷ்டி ஆடி முடித்ததும் அடிச்சுவடு போகக் கூட்டிவிட வேண்டும். கூட்டும் வேலையில் சேர்ந்த காக்கா, மெல்ல மட்டையையும் பிடித்தார். ‘இந்த விளையாட்டுக்கு மணல் போதும்னா நம்ம ஊரு எதுல குறைஞ்சது?’ என்று அன்றைக்கே தோன்றியதாம்.

ஆனால் ஊர் திரும்ப அவருக்கு அவசரமில்லை, வசதியுமில்லை. தங்கைமார் மூவருக்கும் நம் ஊர் வழக்கப்படி வீடு கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் தன் நிக்காஹ். பிறகு மகள்கள், அவர்களுக்கும் வீடு. ஊருக்கு வருபவர் கையில் கேசட்டில் பேசி அனுப்பும் காலம் அது. ‘அரைக் கேசட்டு எங்களைப் பத்தி, மீதி அரைக் கேசட்டு குழியைப் பத்தி’ என்று காக்காவின் மனைவி, நம் லாத்தா, இன்றும் சொல்கிறார். ஊரோடு வந்து தங்கிய பிறகு மஃரிபு தொழுகைக்கு முன் வீட்டில் இருப்பார். பந்து குழிக்கு ஒரு சாண் தள்ளிக் கிடந்தாலும் அப்படியே விட்டுவிட்டுப் புறப்படுவார். மறுநாள் அது ஆட்டுக்கால் பட்டு எங்கோ உருண்டிருக்கும்.

மன்றத்தின் பின்மனையில் அவர் மூன்று குழி வெட்டினார். எண்ணெய் ஊற்றினால் கிணற்று நீர் கெடும் என்று அவரே வேண்டாமென்று, கண்மாய் வண்டலைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டி இறுக்கினார். விதிப்படி குழியின் வாய் நாலேகால் அங்குலம். நம்மிடம் இருந்தது நாலு இஞ்சு பிவிசி பைப். ‘இதுல விழப் பழகினவன் எங்கேயும் விழுவான்’ என்று சமாதானம் சொன்னார். ஒருவர் 14 மட்டை வரை வைத்துக்கொள்ள விதி அனுமதிக்கிறது. அவரிடம் இருந்தவை ஐந்து. கோல்ஃபில் பெரும்பாலும் நடுவர் கூடவே வருவதில்லை. தன் அடியைத் தானே எண்ணித் தானே எழுத வேண்டும். ஒருமுறை முள்ளை விலக்கும்போது காக்காவின் கால் பட்டுப் பந்து நகர்ந்தது. பார்த்தவர் யாருமில்லை. தன் கணக்கில் ஓர் அடி கூட்டிக்கொண்டார். பேரனிடம் தோற்றது அந்த ஓர் அடியில்தான்.

அவர் படுத்த பிறகு பின்மனையைச் சீமைக்கருவேலம் மூடிவிட்டது. அதை மீட்டது என் சொந்தப் பொழுதுபோக்கு என்று சிலர் பேசுவதால் விளக்கம் தேவைப்படுகிறது. வெட்டினால் அது மீண்டும் தழைக்கும், வேரோடு பிடுங்க வேண்டும். எனவே ஜேசிபி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுக்காரர்கள் கரையில்தான் இருப்பார்கள் என்று நம்பி அப்போது வேலையைத் தொடங்கினேன். வந்தவர்கள் உறுப்பினரல்லாத கல்லூரிப் பிள்ளைகள். தூர்க்கட்டைகளைக் கரிமூட்டக்காரருக்கு விற்ற பணம் ஜேசிபி வாடகையில் ஒரு பகுதிக்கு ஆயிற்று. ‘ஒழுகுற கூரைக்கு ஓடு மாத்தாம குழி தோண்டுறீங்களே’ என்று கேட்டவரின் சந்தா நிலுவையைக் கொண்டே அந்த ஓட்டில் பாதியை மாற்றலாம். ஜூலையில் காக்காவை நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்து காட்டினோம். இரண்டாவது குழி ஓரமாகச் சரிந்திருக்கிறது என்றார். சரிசெய்துவிட்டோம்.

மட்டைகளை லாத்தா மன்றத்துக்கே கொடுத்துவிட்டார். எண்ணி, தாளில் எழுதி, என் கையெழுத்தை வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார். மன்றத்தை நன்கு அறிந்தவர். பச்சை விரிப்பை மட்டும் தரவில்லை; நானும் கேட்கவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாக, செலவு வரவைச் சற்றே மிஞ்சியது. துண்டு விழுந்ததை ஒரு நலம்விரும்பி தற்காலிகமாக ஈடுசெய்திருக்கிறார். அந்த நலம்விரும்பியின் வீட்டில் இதற்கு மேல் பேச்சுக் கேட்க முடியாது.

சந்தாப் பதிவேட்டைப் புரட்டியபோது ஒன்று கண்ணில் பட்டது. காக்கா பெயருக்கு நேரே டிசம்பர் வரை பணம் கட்டப்பட்டிருக்கிறது. ஜனவரியிலேயே மொத்தமாகக் கட்டுவது அவர் வழக்கம். துபாயில் இருந்த காலத்திலும் யாரிடமாவது கொடுத்தனுப்புவார். மீதி நான்கு மாதப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், மகள் வாங்க மறுத்துவிட்டார். ஆக, மௌத்தான ஒருவர் நிலுவையில்லாத உறுப்பினராக ஆண்டை முடித்திருக்கிறார். உயிரோடும் சௌகரியத்தோடும் இருக்கும் பலரின் கட்டங்கள் இரண்டு ரமலான்களாக வெறுமையாக இருக்கின்றன. பெயர் சொல்லப் போவதில்லை. தன் அடியைத் தானே எண்ணிக்கொள்ளட்டும்.

நிர்வாகிகள், ஜமாஅத்தார், ஊராட்சியினர், ஒலிபெருக்கி தந்தவர், தேநீர் போடும் தம்பி அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு காக்கா நினைவாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு மூன்று குழிப் போட்டி நடத்த எண்ணம். பந்து வாங்க வேண்டும், இரண்டு சின்ன மட்டை வாங்க வேண்டும், வேலியும் போட வேண்டும். இல்லையென்றால் ஆடுகள்தான் ஆடும். இப்பொறுப்பில் நான் தொடர்வதா என்பதை அவை முடிவு செய்யட்டும்; விருப்பமுள்ள வேறு யாராவது கை தூக்கினால் சாவியை இப்போதே கொடுத்துவிடுகிறேன். கை எதுவும் எழாத பட்சத்தில், ரசீதுப் புத்தகம் வாசல் மேசையில் இருக்கிறது, பக்கத்தில் நானும் உட்கார்ந்திருப்பேன். கூகுள் பே அட்டையும் ஒட்டியிருக்கிறது. தேநீர் அதற்கு அடுத்த மேசையில்.

இவண்,
செயலாளர்