உன் ஜாக்கெட் வந்து சேர்ந்துது

சேகர்,

உன் மச்சினர் போன ஞாயிறு பழசு, புதுசு ரெண்டு ஜாக்கெட்டையும் கொண்டுவந்து குடுத்துட்டுப் போனார். பழைய வண்ணாரப்பேட்டை மே மாச வெயில்ல, மைனஸ் 30-க்குப் போடுறதை மடியில வச்சுத் தைக்கிறேன். டீ கொண்டுவந்த பையன், "இன்னாண்ணே, நிலாவுக்குப் போறியா?"ன்னான். கனடாவுல சட்பரின்னு ஒரு ஊரு, அங்க பனி மேல வண்டி ஓட்டுற என் ஃப்ரெண்டுதுடான்னேன். நம்பல.

புதுசுல ஜிப் பிரியுதுன்னியே, பல்லுல ஒண்ணும் குறையில்ல. ரன்னர், அதான் ஜிப்பை மூட இழுக்குறோமே அந்தத் துண்டு, அது வாய் விரிஞ்சுடுச்சு. மேல இழுக்க இழுக்க கீழ திறந்துக்குது. பிளேயர்ல லேசா அமுக்கினேன். நாலு தடவை நின்னுது, அஞ்சாவதுல மறுபடி பிளந்துக்கிச்சு. ரன்னரைத் திருப்பிப் பார்த்தா 5-ன்னு இருக்கு. 2009-ல நீ வாங்கின பழசுல 10. அது மூடின பல்லு வரிசையோட அகலம்டா, ஏறக்குறைய மில்லிமீட்டர் கணக்கு. கையுறையோட முரட்டுத்தனமா இழுக்குற கோட்டுக்கு ஸ்கூல் பை ஜிப்பைப் போட்டிருக்கான். 900 டாலர் வாங்கிட்டு மிச்சம் புடிச்ச இடம் அது!

உள்ள இன்னும் மோசம். ஊசி ஓட்டை வழியா தண்ணி வராம ஒட்டுற டேப், தோள்பட்டையில தோல் உரியுற மாதிரி தூக்கிக்கிட்டு நிக்குது. பழசுல நகத்தால நோண்டினேன், அசையல.

ஒரு விஷயத்துக்கு மட்டும் கம்பெனிக்காரனைத் திட்ட மாட்டேன். பழசு மேல தண்ணி தெளிச்சா சேப்பங்கிழங்கு இலை மாதிரி உருண்டு ஓடுது, புதுசு ஊறிக் கறுக்குது. திருப்பூர் எக்ஸ்போர்ட்ல இருக்குற என் பெரியவன் சொன்னான்: முன்னாடி பூசினது ஃப்ளோரின் ரசாயனம், மண்ணுலயும் தண்ணியிலயும் கலந்தா அழியாது. கலிஃபோர்னியாவுல 2025 ஜனவரியிலேர்ந்து துணியில சேர்க்கத் தடை, கடும் மழைக்கான உடுப்புக்கு மட்டும் 2028 வரைக்கும் தவணையாம். இப்ப பூசுறது தண்ணியை ஓரளவு தள்ளும், எண்ணெயைத் தள்ளாது. உன் வண்டி டூ ஸ்ட்ரோக்குதானே? அந்தப் புகையில ஆயில் இருக்கு, படிஞ்ச இடத்துல ஈரம் புடிச்சுக்கும். அழுக்கு சேர விடாம துவை. கம்ஃபர்ட் மாதிரி எதையும் ஊத்தித் தொலைக்காதே. லேசான சூட்டுல டிரையர்ல போட்டா தண்ணி தள்ளுற குணம் கொஞ்சம் திரும்பி வருமாம்.

பழசோட ஜிப்பைப் பிரிச்சுப் புதுசுல போடச் சொல்லியிருந்தே. பிளேடைக் கையில எடுத்தேன்டா, மனசு வரல. ஒவ்வொரு தையலும் நேரா, நெருக்கமா... எவளோ ஒருத்தி மிஷின்ல உட்கார்ந்து பொறுமையாத் தைச்சிருக்கா. பாரிமுனையில அலைஞ்சு 10 நம்பர்ல வேற ஜிப் வாங்கிப் புதுசுல போட்டிருக்கேன். ஊசி இறங்கின இடமெல்லாம் உள்பக்கம் பசை தடவி ரெண்டு நாள் காயவச்சேன். பழசுல கைமுனை நைஞ்சிருந்துது, அதை மட்டும் மாத்தினேன்.

கூலி அனுப்புறேன்னு ஆரம்பிக்காதே. மீன்பிடி தடைக்காலம் ஜூன் 14-ல முடியுது. அதுக்கப்புறம் லீவு போட்டு வா, காசிமேட்டுல வஞ்சிரம் நீ வாங்கு.

உன்,
பாஸ்கர்