ஆங்கில–தமிழ் அகராதி தொகுப்போருக்கு: ‘ட்ரெபிடேஷன்’ பற்றி ஒரு விண்ணப்பம்

அகராதித் தொகுப்பாளர்களுக்கு வணக்கம்.

நான் மொழிபெயர்ப்பாளன். உங்கள் உழைப்பை நம்பித்தான் என் பிழைப்பு ஓடுகிறது. அந்த உரிமையில் ஒரு சொல்லைப் பற்றிக் கொஞ்சம் பேச அனுமதியுங்கள்.

நான் புழங்கும் அகராதி ஒன்றில் ‘ட்ரெபிடேஷன்’ என்பதற்கு ‘அச்சம், பயம்’ என்று போட்டுப் பதிவை முடித்துவிட்டார்கள். அதை நம்பி, முதன்முறையாக மேடையேறும் ஒருத்தியைப் பற்றிய வரியில் ‘பயத்துடன் மேடையேறினாள்’ என்று எழுதிவிட்டேன். அச்சான பிறகு படித்தால், யாரோ மிரட்டி அவளை மேடைக்குத் தள்ளிவிட்டது போல இருந்தது. மூலத்தில் இருந்தவளுக்கு மேடையேற ஆசைதான். கால் மட்டும் உதறுகிறது.

அந்த உதறல்தான் இந்தச் சொல்லின் வேர். லத்தீனில் ‘ட்ரெபிடஸ்’ என்றால் கலங்கியவர், பதறியவர். அதிலிருந்து வந்த வினை ‘ட்ரெபிடாரே’: பதறி அங்குமிங்கும் ஓடுவதும் அதுதான், நடுங்குவதும் அதுதான். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலத்தில் புழங்கிய இச்சொல், கைகால் தானாக நடுங்குவதையும் குறித்தது. மனக் கலக்கம், உடல் நடுக்கம் இரண்டும் இதில் ஒட்டியே கிடக்கின்றன.

இதைவிடச் சுவையான சாட்சி வானியலில் இருக்கிறது. பகலும் இரவும் சமமாகும் நாள்களில் வானில் சூரியன் நிற்கும் இடங்களைச் சம இரவுப் புள்ளிகள் என்பார்கள். அவை விண்மீன்களின் பின்னணியில் மெல்ல நகர்கின்றன. அந்த நகர்வு நூறாண்டுக்கு ஒரு பாகை என்று பண்டைய வானியலாளர் தாலமி கணக்கிட்டிருந்தார். பின்வந்த அரபு வானியலாளர்கள் அளந்தபோது வேகம் கூடுதலாக வந்தது. (இன்றைய கணக்கில் ஏறக்குறைய 72 ஆண்டுக்கு ஒரு பாகை. தாலமியின் அளவுதான் பிழை.) வேகமே மாறுகிறது போலும் என்று எண்ணியவர்கள், புள்ளிகள் முன்னும் பின்னும் ஊசலாடுவதாகக் கோட்பாடு வகுத்தார்கள். 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த தாபித் இப்னு குர்ராவின் பெயரில் அது ஐரோப்பாவில் பரவியது. கோப்பர்நிக்கஸ்கூட நகர்வின் வேகம் மாறுவதாகவே நம்பினார். அவருக்குப் பின்வந்த வானியலாளர் டைகோ பிராகே அதைக் கைவிட்டார். அந்த இல்லாத ஊசலாட்டத்துக்கு வைத்த பெயர்? ட்ரெபிடேஷன்! வானம் யாருக்குப் பயப்படும், சொல்லுங்கள்.

சரி, தமிழில் என்ன போடுவது? ‘பீதி’ அளவு மீறிவிடும். ‘கோழைத்தனம்’ பழிச்சொல், கிட்டவே வரக்கூடாது. ‘பதற்றம்’ தேவலாம், ஆனால் அதில் நடுக்கம் கட்டாயமில்லை. எனக்குப் பிடித்தது ‘விதிர்ப்பு’. ‘அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கஞ் செய்யும்’ என்று, சொற்பொருள் சொல்லும் இயலான தொல்காப்பிய உரியியல் இதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறது. அதே இயலில் ‘பேம், நாம், உரும்’ ஆகிய மூன்றும் அச்சப் பொருளுக்குத் தனியாக நிற்கின்றன. அச்சத்தையும் நடுக்கத்தையும் தொல்காப்பியர் ஒரே கூடையில் போடவில்லை. விதிர்ப்பு செத்த சொல்லும் இல்லை. ‘விதிர்விதிர்த்துப் போனான்’ என்று இன்றும் எழுதுகிறோமே. பேச்சு நடைக்கு ‘உதறல்’ இருக்கிறது.

ஆகவே அடுத்த பதிப்பில் ‘விதிர்ப்பு, உள்நடுக்கம், உதறல்; நடக்கப்போவதை எண்ணி வரும் கலக்கம்’ என்று போட்டு, வேரை ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். அப்புறம், அதன் எதிர்ச்சொல்லான ‘இன்ட்ரெபிட்’ பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். ‘அஞ்சாத’ என்பதோடு ‘நடுங்காத’ என்பதும் அங்கே வேண்டும்.

அன்புடன்,
உங்கள் அகராதிகளைக் கிழியக் கிழியப் புரட்டும் ஒரு மொழிபெயர்ப்பாளன்