சுவிட்சில் சிக்கனம் பிடிக்கலாம், ரவுட்டரில் கவனம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் புதிய கணினிச் சாதனங்களைப் பற்றி வெளியாகும் குறிப்புகளை விடாமல் படித்து வருகிறேன். அலுவலகத்தை இணையத்தோடு இணைக்கும் ரவுட்டர், உள்ளே இருக்கும் சாதனங்களைக் கேபிளால் இணைக்கும் சுவிட்ச் ஆகியவற்றைப் பற்றி எழுதும்போது விலையும், அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகமும் மட்டுமே அவற்றில் இடம்பெறுகின்றன. சிறு அலுவலகங்களுக்கு நெட்வொர்க் அமைத்துக் கொடுப்பதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், குறைந்த செலவில் இவற்றை வாங்க முனைவோருக்கு அந்த இரண்டு விவரங்கள் போதவே போதாது என்று கருதுகிறேன். சுவிட்சில் தாராளமாகச் சிக்கனம் பிடிக்கலாம். ரவுட்டரிலோ, அதன் மென்பொருள் ஓட்டைகளை அடைக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் எத்தனை ஆண்டுகளுக்குக் கிடைக்கும் என்பதைப் பார்க்காமல் விலையைப் பற்றிப் பேசவே கூடாது.

அலுவலகத்துக்குள் இருக்கும் கணினி, பிரிண்டர், கோப்புச் சேமிப்பகம் ஆகியவற்றைக் கேபிள் வழியாக ஒன்றோடொன்று இணைப்பதுதான் சுவிட்சின் வேலை. செப்புக் கேபிளில் கிகாபிட் (விநாடிக்கு 1000 மெகாபிட்) வேகத்துக்கான தரநிலை 1999-லேயே வந்துவிட்டதால் அந்தத் தொழில்நுட்பம் நன்கு முதிர்ந்துவிட்டது. எந்த அமைப்பையும் மாற்ற வேண்டாத, சொருகியவுடன் இயங்கும், எட்டு போர்ட் (கேபிள் செருகும் துளை) கொண்ட கிகாபிட் சுவிட்ச், பெயர் தெரிந்த எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் உழைக்கும். எட்டு போர்ட்டுகளும் இரு திசையிலும் முழு வேகத்தில் ஓடினாலும் தேவைப்படுவது விநாடிக்கு 16 கிகாபிட் திறன்தான். அதைவிடப் பெரிய எண்ணைக் காட்டிக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் 100 மெகாபிட் சுவிட்சுகள் இன்னும் விற்பனையில் இருக்கின்றன. 10 கிகாபைட் கோப்பு ஒன்றை இன்னொரு கணினிக்கு அனுப்ப கிகாபிட் சுவிட்சில் ஒன்றரை நிமிடம் போதும் என்றால், அவற்றில் 13 நிமிடத்துக்கு மேல் ஆகும். கோப்புகளைப் பகிர்ந்து வேலை செய்யும் இடத்தில் அந்த மிச்சம் மிச்சமே அல்ல.

அமைப்புகளை நாமே மாற்றி நிர்வகிக்கக்கூடிய சுவிட்ச் வேண்டுமா என்பது அலுவலகத்தின் தேவையைப் பொறுத்தது. விருந்தினர் வைஃபையையும் கண்காணிப்புக் கேமராக்களையும் கணக்குப் பிரிவின் கணினிகளிலிருந்து பிரித்து வைக்க வேண்டுமானால், ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்கும் விலேன் வசதி உள்ள சுவிட்சுக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவழிப்பது நியாயமானது. இன்னொரு காரணமும் உண்டு. மேசைக்கு மேசை சிறு சுவிட்சுகளைத் தொடராகச் சேர்த்துக்கொண்டே போன அலுவலகங்களில், யாரோ ஒருவர் தளர்ந்து கிடக்கும் கேபிளின் இரு முனைகளையும் ஒரே சுவிட்சில் செருகிவிடுவார். உடனே தகவல் பொட்டலங்கள் வட்டமாகச் சுற்றிப் பெருகி மொத்த நெட்வொர்க்கும் நின்றுவிடும். சுழற்சியைக் கண்டறிந்து அந்த போர்ட்டை மட்டும் அடைக்கும் வசதி சாதாரண சுவிட்சுகள் பலவற்றில் இருப்பதில்லை. ஐந்து சிறு சுவிட்சுகளைக் கோத்துக்கொள்வதைவிட, தேவைக்கு மேல் சில போர்ட்டுகளை விட்டு ஒரே பெரிய சுவிட்சை வாங்குவது நல்லது என்று நான் எப்போதும் வற்புறுத்துவது இதனால்தான்.

கேபிள் வழியாகவே மின்சாரமும் அனுப்பும் பிஓஇ சுவிட்சுகளில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 2003-இல் வந்த முதல் தரநிலைப்படி ஒரு போர்ட் 15.4 வாட் வரை தரும். 2009-இல் வந்த அடுத்த தரநிலைப்படி 30 வாட் வரை தரும். ஆனால் எல்லா போர்ட்டுகளுக்கும் சேர்த்து சுவிட்ச் கொடுக்கக்கூடிய மொத்த மின்திறன் என்று தனியாக ஓர் எண் உண்டு. எட்டு போர்ட்டுகளிலும் தலா 30 வாட் என்று எழுதியிருந்தாலும் மொத்தம் 60 வாட்தான் என்றால், 30 வாட் இழுக்கும் சாதனங்கள் இரண்டோடு அது தீர்ந்துவிடும். மூன்றாவதைப் பொருத்தியதும் அது அணைந்து அணைந்து எரியும்போது, பழுதான கேமரா என்று நினைத்து அதைத் திருப்பி அனுப்புகிறார்கள். தரநிலைப்படி இல்லாமல், எதிர்முனையில் என்ன இருக்கிறது என்று கேட்காமலே மின்சாரத்தை அனுப்பும் மலிவான வகைகளைத் தவிர்ப்பதே பாதுகாப்பு.

கேபிளைப் பற்றி ஒரே ஒரு சொல்: கிகாபிட்டுக்கு கேட் 5ஈ வகையே போதும், ஒரு தொடுப்பு 100 மீட்டரைத் தாண்டக் கூடாது, அலுமினியக் கம்பிக்குச் செப்பு முலாம் பூசிய கேபிளை என்ன விலை குறைவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

இனி ரவுட்டர். ஏசி1200 என்று பெட்டியில் இருந்தால் விநாடிக்கு 1200 மெகாபிட் கிடைக்கும் என்றே வாங்குபவர் நம்புகிறார். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் 300-ஐயும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் 867-ஐயும் கூட்டி முழு எண்ணாக்கியதுதான் அது. அந்த வகை மடிக்கணினியோ கைப்பேசியோ ஒரு நேரத்தில் ஏதாவது ஓர் அலைவரிசையில்தான் இணையும். அதிலும் கையில் கிடைப்பது எழுதியிருப்பதைவிட வெகுவாகக் குறையும். அந்தக் குறைந்ததையும் அறையில் உள்ள அனைவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். இவ்வளவுக்கும் மேல், இந்த எண்ணைத் தாங்கிய மலிவான ரவுட்டர்கள் சிலவற்றில் பின்புற போர்ட்டுகள் வெறும் 100 மெகாபிட் வகையாகவே இருக்கின்றன. இணைய நிறுவனத்திடம் 300 மெகாபிட் இணைப்புக்கு மாதாமாதம் பணம் கட்டிவிட்டு, இப்படிப்பட்ட ரவுட்டரால் மூன்றில் ஒரு பங்கை மட்டும் பயன்படுத்தும் அலுவலகங்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். வெளியூரிலிருந்து விபிஎன் (அலுவலக நெட்வொர்க்கோடு குறியாக்கிய இணைப்பு) வழியாக வேலை செய்பவர்கள் உள்ள அலுவலகமாக இருந்தால் விபிஎன் வேகத்தைத் தனியாகக் கேட்டுப் பெற வேண்டும்; குறியாக்கத்தின் சுமையால் மலிவான ரவுட்டர்களில் அது சாதாரண வேகத்தின் சிறு பகுதியாகச் சுருங்கிவிடும்.

ஆனாலும் வேகக் குறைவு கண்ணுக்குத் தெரியும் குறை. தெரியாத குறையைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். அலுவலகத்துக்கும் இணையத்துக்கும் நடுவே நிற்கும் ஒரே காவல் பெரும்பாலும் ரவுட்டர்தான். அதை உள்ளிருந்து இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதை அடைக்க வேண்டியவர் தயாரிப்பாளர். 2016-இல் மிராய் என்னும் தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றி, அந்த ஆண்டு அக்டோபரில், இணையதளப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் டைன் நிறுவனத்தின் சேவையை முடக்கியபோது, பல பெரிய இணையதளங்கள் மணிக்கணக்கில் கிடைக்காமல் போயின. 2018-இல் விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் 54 நாடுகளில் குறைந்தது ஐந்து லட்சம் சாதனங்களில் புகுந்திருப்பதாக சிஸ்கோவின் டாலோஸ் ஆய்வுக் குழு அறிவித்தது. சிறு அலுவலகங்களிலும் வீடுகளிலும் இருக்கும் ரவுட்டர்களே அதன் முக்கிய இலக்கு. அதே ஆண்டு ஏப்ரலில் மைக்ரோடிக் ரவுட்டர்களில் தெரியவந்த ஓட்டைக்கு நிறுவனம் உடனே திருத்தம் வெளியிட்டது. அதை நிறுவாமல் விட்டவர்களின் ரவுட்டர்கள் மாதங்கள் கழிந்தும் பெருமளவில் கைப்பற்றப்பட்டன. திருத்தம் வருவதும், வந்ததை நிறுவுவதும், ரவுட்டரே தானாக நிறுவிக்கொள்ளும் வசதி இருப்பதும் விலைப்பட்டியலில் ஏறாத அம்சங்கள். திருத்தம் நின்றுபோன ரவுட்டர் பல ஆண்டுகள் குறையின்றி வேலை செய்வதுபோலவே தோன்றும் என்பதால் யாரும் அதை மாற்ற நினைப்பதில்லை.

சட்டம் இப்போதுதான் இந்தப் பக்கம் திரும்புகிறது. ஐக்கிய இராச்சியத்தில் 2024 ஏப்ரல் 29 முதல், எல்லாச் சாதனத்துக்கும் பொதுவான கடவுச்சொல்லை வைத்து நுகர்வோருக்கு விற்கக் கூடாது; பாதுகாப்புத் திருத்தங்கள் குறைந்தது எவ்வளவு காலம் கிடைக்கும் என்பதையும் அறிவித்தாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் தாங்குதிறன் சட்டத்தின் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பரில் நடைமுறைக்கு வருகின்றன.

அதுவரை வாங்குபவரே தேட வேண்டும். தயாரிப்பாளரின் ஆதரவுப் பக்கத்தில் அந்த மாடலின் கடைசி ஃபர்ம்வேர் எந்தத் தேதியில் வெளியானது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ஒரே மாடல் பெயரில் உள்ளே வேறு வேறு வன்பொருள் வருவதுண்டு ஆதலால், பெட்டியின் அடியில் உள்ள பதிப்பு எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஓபன்டபிள்யூஆர்டி என்னும் திறந்தமூல ஃபர்ம்வேர் அந்தப் பதிப்புக்குக் கிடைக்குமானால், தயாரிப்பாளர் கைவிட்ட பிறகும் சில ஆண்டுகள் அதைப் பாதுகாப்பாகப் பயன்படுத்தலாம். அதை நிறுவத் தெரிந்தவர் ஒருவர் வேண்டும் என்பதை மறுக்கவில்லை. பெரிய நிறுவனங்கள் கழித்த பழைய சாதனங்களைப் பாதிக்கும் குறைவான விலையில் வாங்கலாம் என்பார்கள். சுவிட்ச் என்றால், விசிறியின் இரைச்சலையும் மின்செலவையும் பொறுத்துக்கொள்ள முடியுமானால், யோசிக்கலாம். ஆதரவுக் காலம் முடிந்த பழைய ரவுட்டரை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது.

தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். இனி எந்த ரவுட்டரைப் பற்றிய குறிப்பை வெளியிட்டாலும், அதன் போர்ட்டுகளின் வேகத்தையும் பாதுகாப்புத் திருத்தங்கள் எந்த ஆண்டு வரை உறுதியளிக்கப்பட்டுள்ளன என்பதையும் விலைக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள். பிஓஇ சுவிட்சாக இருந்தால் மொத்த வாட் அளவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேட்டும் நிறுவனம் அந்த விவரத்தைத் தரவில்லை என்றால், தரவில்லை என்பதையும் அதே இடத்தில் குறிப்பிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்