தாள் மெலியவில்லை: நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

தக்கலையிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்து வருகிற உங்களுக்கு இந்தத் தாள் கடையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கிறிஸ்துமஸுக்குக் குடில் போடுகிற பையன்கள், கொலு வைக்கிற அம்மாமார், கல்யாண அட்டை அடிக்கிறவர்கள், பள்ளி டீச்சர்கள், நாளைக்கு பிராஜெக்ட் என்று ராத்திரி எட்டு மணிக்கு ஓடி வருகிற பெற்றோர் எல்லாரும் முகம் தெரிந்தவர்கள்தான். அதனால் நேரடியாகவே விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்ச நாளாக வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. நம் கடையில் விலையையும் கூட்டிவிட்டோம், தாளையும் மெலிசாக்கிவிட்டோம், அந்தத் தாளில் கிறிஸ்துமஸ் ஸ்டார் செய்தால் மடிப்பிலேயே வெடிக்கிறது என்று அதில் சொல்கிறார்கள். உங்களில் சிலர் வந்து என்னிடமே போட்டுக் காட்டினீர்கள். மறைவில் பேசாமல் நேரில் கேட்டதற்கு நன்றி.

விலை கூடியது உண்மை. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி மாறியது. நோட்டுப் புத்தகத்துக்கு வரியே கிடையாது, பென்சிலுக்கும் ரப்பருக்கும் கிடையாது என்ற செய்தியை எல்லாரும் படித்தோம். அதே நாளில், நோட்டுக்குப் போகும் தாள் நீங்கலாக, மற்ற தாள், அட்டை வகைகளில் பெரும்பாலானவற்றுக்கு வரி 12 சதவீதத்திலிருந்து 18 ஆனது. இது அவ்வளவாகப் பேசப்படவில்லை. நம் கடையில் அதிகம் போவது சார்ட்டும் பிரவுன் பேப்பரும் அட்டையும்தான். நோட்டு விலையைக் குறைத்துத்தான் போட்டிருக்கிறோம், பில் உங்கள் கையில் இருக்கிறது. வரி குறைந்த பிறகும் இவர் கூட்டுகிறார் என்று சொல்வது நியாயமில்லை.

சரி, விலையை விடுங்கள். எனக்கு உறுத்துவது அந்த 'மெலிசு' என்ற பேச்சுதான். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல அனுமதியுங்கள்.

தாளின் கனத்தைக் கையால் தடவிச் சொல்ல முடியாது. அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பதுதான் ஜிஎஸ்எம். ஏ4 தாள் பதினாறு சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். ஆகவே 80 ஜிஎஸ்எம் என்றால் ஒரு ஏ4 தாள் 5 கிராம், 500 தாள் உள்ள ஒரு ரீம் 2.5 கிலோ. 70 ஜிஎஸ்எம் ரீம் என்றால் 2.2 கிலோவைத் தொடாது. காய்கறிக் கடைத் தராசிலேயே இந்த வித்தியாசம் தெரிந்துவிடும். குடில்காரர்கள் வாங்கும் சார்ட் 22க்கு 28 அங்குலம். அதில் 120 ஜிஎஸ்எம் தாள் பத்து சேர்ந்தால் 475 கிராமுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். நம் மேஜையில் இப்போது தராசை வெளியே எடுத்து வைத்திருக்கிறோம். வாங்கும் முன் நீங்களே நிறுத்துப் பாருங்கள். வேறு கடைத் தாளைக் கொண்டுவந்தும் நிறுக்கலாம்.

அப்படியானால் ஏன் மெலிசாகத் தெரிகிறது? ஒரே ஜிஎஸ்எம்மில் இரண்டு தாள் எடுத்தால் ஒன்று தடித்தும் ஒன்று மெலிந்தும் இருக்கலாம். ஆலையில் உருளைகளுக்கு நடுவே அதிகம் அழுத்தினால் தாள் வழவழப்பாகும், தடிமன் குறையும், எடை குறையாது. எதிலிருந்து செய்தது என்பதும் ஒரு காரணம். கரூர் பக்கம் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்கிறார்கள். சக்கையின் இழை குட்டையானது, அதனால் தாள் நெருக்கமாகவும் வழுவழுப்பாகவும் வரும். எழுத, அச்சடிக்க அருமையான தாள், ஆனால் விரலுக்கு மெலிசாகத் தெரியும். இன்னொன்று நம் ஊர் மழை. ஐப்பசி, கார்த்திகையில் காற்றில் இருக்கும் ஈரத்தைத் தாள் குடித்துவிடும். வெயில் காலத்தில் முறுமுறுவென்று நின்ற அதே தாள் அப்போது துணி போலக் குழையும். எடை உண்மையில் கூடியிருக்கும், கைக்குத்தான் குறைந்ததாகத் தோன்றும். வீட்டுக்குக் கொண்டுபோனால் தரையில் வைக்காமல், பாலித்தீன் உறையைப் பிரிக்காமல், பலகை மேல் படுக்க வையுங்கள்.

மடிப்பு வெடிப்பது வேறு சமாச்சாரம். ஆலையில் மெஷினில் செய்த தாளில் இழைகள் பெரும்பாலும் ஒரு திசையாக ஓடும், அச்சுக்காரர்கள் இதை கிரெயின் என்பார்கள். இழையோடு மடித்தால் மடிப்பு கத்தி போல் விழும். இழைக்குக் குறுக்கே மடித்தால், அதுவும் தடித்த அட்டையாக இருந்தால், மேல்பூச்சு பிளந்து வெள்ளை தெரியும். திசையைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி: ஒரு சின்னச் சதுரம் வெட்டி ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் தடவுங்கள். உடனே குழாய் போல் சுருளும். அந்தக் குழாய் எந்தப் பக்கமாக நீண்டு கிடக்கிறதோ, அதுதான் இழையின் திசை.

ஸ்டாரில் சிக்கல் எங்கே என்றால், ஐந்து கைகளும் ஐந்து திசையில் போகின்றன. முழு ஸ்டாரையும் ஒரே அட்டையில் வெட்டினால், எப்படித் திருப்பி வைத்தாலும் ஏதோ சில கைகளின் முதுகு மடிப்பு, அதாவது கையின் நடுவே நீளமாக ஓடும் மடிப்பு, இழைக்குக் குறுக்கேதான் விழும். நம் கட்டிங் மெஷினில் நின்ற தம்பி அதற்காகவே ஒவ்வொரு கையையும் தனியாக, முதுகு இழையோடு வருகிற மாதிரி வெட்டி, பின்னால் பட்டி ஒட்டித் தருவார். அவர் இந்த வருஷம் கத்தார் போய்விட்டார். நல்ல வேலை, நல்ல சம்பளம். அவர் நன்றாக இருக்கட்டும். ஆனால் உங்கள் ஸ்டார் வெடிக்காமல் இருந்ததற்குப் பாதிக் காரணம் அவர் கை என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டில் செய்கிறவர்கள் அதே முறையில் கைகளைத் தனித்தனியாக வெட்டுங்கள். மடிக்கும் முன் மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து ஒரு கோடு அழுத்திவிடுங்கள். வெடிக்காது.

குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு நான் எப்போதும் காட்டுவது ஒன்று உண்டு. ஒரே அகலமுள்ள தாள் பட்டையை எடுத்துச் சாதாரணமாக ஒரு முடிச்சுப் போட்டு, மெல்ல இறுக்கித் தட்டையாக்குங்கள். அளவெடுக்காமலே சரியான ஐங்கோணம் வரும். மீதி வாலை அதன் மேல் மடித்து வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே ஒரு நட்சத்திரம் தெரியும். இதைப் பார்த்த பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவே கடை நடத்தலாம். 1893ல் சென்னையில் சுந்தர ராவ் என்பவர், காம்பஸ் இல்லாமல் தாளை மடித்தே வடிவியல் கற்பிக்கலாம் என்று ஒரு முழுப் புத்தகம் போட்டார். ஐரோப்பியக் கணித மேதைகள் வரை அதைப் படித்துப் பாராட்டினார்கள். ஜப்பானில் மியுரா என்ற பொறியாளர் கண்டுபிடித்த ஒரு மடிப்பை 1995ல் விண்வெளிக்குப் போன சூரியத் தகட்டில் பயன்படுத்தினார்கள். அந்த மடிப்பையும் ஒரு ஏ4 தாளில் செய்யலாம். ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் விரியும், தள்ளினால் மொத்தமும் சுருங்கும். கேட்டால் செய்து காட்டுவேன்.

நம் பாட்டிமாரும் சும்மா இருக்கவில்லை. பழைய தாளை ஊறவைத்து வெந்தயத்தோடு அரைத்து முறத்தின் சந்துகளில் பூசினார்கள். அதே கூழைக் குடத்தின் மேல் அப்பிக் காயவைத்துக் கழற்றினால் தானியம் வைக்கக் கனமில்லாத பாத்திரம். கொலுவுக்குக் காகிதக் கூழ் பொம்மை செய்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: தாளைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழித்து ஊறப்போடுங்கள். கிழித்த ஓரத்தில் இழை வெளியே நிற்கும், கூழ் நன்றாகப் பிடிக்கும். குடில் மலைக்கும் இதுதான் வழி. பிரவுன் பேப்பரைக் கசக்கி மைதாப் பசையில் தோய்த்துப் போர்த்தினால் காய்ந்ததும் பாறை போல் நிற்கும். அதற்கு விலை உயர்ந்த தாள் வேண்டாம் என்று நானே பல பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

பேப்பர் கப் ஏன் இல்லை என்று டீக்கடை அண்ணன்மார் கேட்கிறார்கள். உள்ளே பிளாஸ்டிக் பூசிய கப் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. அதை நாங்கள் விற்கமாட்டோம்.

தம்பி போனதால் இந்த டிசம்பருக்கு ரெடிமேட் ஸ்டார் ஆர்டர் எடுக்கவில்லை, இலவசமாக வெட்டித் தருவதும் இனி இல்லை, கூலி தனி. பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

2017ல் ஒக்கி புயலில் நம் கடைக் கூரை பறந்து தாள் எல்லாம் நனைந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஓரம் அலை அலையாகிப்போன அந்தச் சார்ட்டுகளை, குடில் பாறைக்கு இதுவே போதும் என்று சொல்லி, விலை குறைக்கச் சொல்லாமல் வாங்கிப்போனவர்கள் நீங்கள். உங்கள் வீட்டிலும் அன்று கரண்ட் இல்லை, வாழையும் ரப்பரும் சாய்ந்து கிடந்தன. அந்த நன்றி இந்தக் கடை இருக்கும் வரை இருக்கும். அப்படிப்பட்ட உங்களுக்கு எடை குறைந்த தாளை நான் தருவேனா என்பதை மட்டும் யோசித்துப் பாருங்கள்.

டிசம்பர் 1 முதல் 24 வரை ராத்திரி ஒன்பதரை வரை கடை திறந்திருக்கும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆராதனை முடிந்த பிறகு திறப்போம். குடில் குழுக்கள் என்ன நிறம், எத்தனை தாள் என்று முந்தின நாளே சொல்லிவிட்டால், இழைத் திசையைப் பென்சிலால் குறித்து எடுத்து வைத்துவிடுகிறோம்.

அன்புடன்,
கடை உரிமையாளர்,
தக்கலை