வடிகாலில் ஒளியும் லிஸ்டீரியா

ஆசிரியருக்கு,

உணவு ஆலைகளில் கிருமிநாசினியின் அளவைக் கூட்டினால் போதும் என்ற எண்ணம் தவறானது. உணவு வழியே நோய் தரும் லிஸ்டீரியா என்ற பாக்டீரியா 4 டிகிரி செல்சியஸ் குளிரிலும் வளரும். தரை வடிகாலில் அது உயிர்ப்படலம் (கிருமிகள் கூட்டாக ஒட்டி வாழும் பிசுபிசுப்பான படலம்) கட்டிவிட்டால், குளோரினின் வீரியம் மேலடுக்கிலேயே தீர்ந்துபோகும். அடியில் இருப்பவை தப்பிவிடும். அந்த இடத்தை லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் போன்ற நன்மை தரும் பாக்டீரியாவால் நிரப்பலாம். அது இடத்தையும் இரையையும் பிடித்துக்கொள்ளும், அமிலம் சுரக்கும், சில ரகங்கள் நைசின் என்ற பாக்டீரியாக்கொல்லிப் புரதத்தையும் சுரக்கும். கோழி இறைச்சி ஆலை வடிகால்களில் இம்முறை பலன் தந்திருக்கிறது.

பெரும்பாலும் சறுக்குவது வேலைகளைச் செய்யும் வரிசையில்தான். முதலில் சோப்புக் கரைசல் ஊற்றித் தூரிகையால் படலத்தைத் தேய்த்து உடைக்க வேண்டும். உயர் அழுத்தக் குழாய் கூடவே கூடாது: தெறிக்கும் நுண்துளிகள் கிருமியை இயந்திரங்கள் வரை கொண்டுபோகும். அடுத்து கிருமிநாசினி, பிறகு நன்றாக அலசல். எஞ்சிய குளோரின் நல்ல பாக்டீரியாவையும் கொன்றுவிடும். அதன் பிறகே, உற்பத்தி நின்ற நேரத்தில், பாக்டீரியாக் கரைசலை ஊற்ற வேண்டும்.

சால்மோனெல்லா என்ற மற்றொரு நோய்க்கிருமிக்கு எதிராக நைசினை மட்டும் நம்பக் கூடாது. அந்தக் கிருமியின் வெளிச்சவ்வு நைசினைத் தடுத்துவிடும். ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பு மரபணுவைப் பிற பாக்டீரியாக்களுக்குக் கடத்தக்கூடிய ரகங்களுக்கு அனுமதியே தரக் கூடாது. வடிகாலில் பஞ்சுக்குச்சி மாதிரி எடுத்துச் சோதிப்பதும் தொடர வேண்டும்.